இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருங்கோ, அம்மா

சலப்பையில் (சிறுநீர்ப்பையில்) புற்றுநோய் என்று எனக்குச் சொன்ன அன்று இரவே மகளைக் கொண்டு போனில் தேடிப் பார்த்தேன். தமிழில் நோயைப் பற்றிக் கொஞ்சம் இருந்தது. அதற்கு மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் எப்படி இருப்பது, பஸ்ஸில் எப்படிப் போவது, உடுப்பு நனைந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் கிளிநொச்சி மாவட்டம், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே போகும் ஒரு கிராமம். வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறேன். அவர் இல்லை, மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். சலம், இரத்தம், பம்பஸ் எல்லாவற்றையும் பச்சையாகத்தான் சொல்லப் போகிறேன், வெட்கப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடலாம், ஆனால் தேவைப்படப் போவதும் அவர்களுக்குத்தான்.

தொடக்கத்தில் நோவே இல்லை. ஒருநாள் விடியப்புறம் சலம் பிளேன்ரீ நிறத்தில் போனது, அடுத்த நாள் தெளிந்துவிட்டது. எங்கள் பக்கம் இதற்கு இரண்டு விளக்கம்தான் உண்டு, ஒன்று சூடு, மற்றது கல். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் ஊர் இது, ஆருக்காவது கல் இல்லாத வீடே இல்லை. வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன், வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கொஞ்சக் காலத்தால் திரும்ப வந்தது, இந்த முறை சின்னச் சின்னக் கட்டியோடு. சலத்தில் கிருமி என்று அன்டிபயோட்டிக் தந்தார்கள். முடித்தேன், நின்றது, பிறகும் வந்தது. வேறொரு இடத்தில், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் என்றால் கர்ப்பப்பையைப் பார்க்க வேணும் என்று அந்தக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல மாதங்கள் போய்விட்டன. பெண்களுக்கு இந்த நோய் பிந்திப் பிடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகு சத்திரசிகிச்சை டொக்டரே சொன்னார், ஆம்பிளைகளுக்கு இரத்தம் என்றால் உடனே யோசிப்பார்கள், எங்களுக்கு என்றால் கிருமி, கர்ப்பப்பை என்று சுற்றிவரும். இரத்தம் எங்கிருந்து வருகுது என்று நிச்சயமில்லை என்றால் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் பார்க்கலாம், சலம் போகும்போது மட்டும்தான் வருகுதா, சும்மா இருக்கவும் கறை படுகுதா என்று. அதைத் தெளிவாகச் சொன்னால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, சல கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று றிப்போட் வந்தும் திரும்பவும் அன்டிபயோட்டிக் எழுதினால், அப்ப இரத்தம் ஏன் வருகுது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஆரும் கோவிப்பதில்லை.

ஸ்கான் எடுக்கச் சலப்பை நிரம்பியிருக்க வேணும். தனியார் இடம் ஒன்றில் போத்தல் தண்ணியைக் குடிக்க வைத்துவிட்டு, டொக்டர் வரப் பிந்தும் என்றார்கள். ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒருக்கா முட்டுகிற எனக்கு அந்தக் கதிரையில் இருந்தது இப்பவும் நினைவு. காலை மாற்றி மாற்றிப் போட்டு, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு, கடைசியில் நிலத்தில் போய்விட்டது. துடைக்க வந்த பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் அழுகை வந்தது. டொக்டர் வந்திட்டாரா என்று கேட்டபிறகு தண்ணியைக் குடியுங்கள், அவர்கள் அவசரப்படுத்தினாலும். அந்த ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு கதை. சின்னக் கட்டி, தட்டையான கட்டி ஸ்கானில் தப்பிவிடும். கமரா விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கமரா என்றால் சலம் போகும் பாதையால் மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்ப்பது, மரக்கிற ஜெலி போடுவார்கள். பயந்த அளவுக்கு நோகவில்லை, நாலைந்து நிமிட வேலை, பிறகு ஒரு நாள் இரண்டு நாள் எரிவு.

பிறகு சீட்டி ஸ்கான். அரச ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிக் கிடைத்தது, பொறுக்க ஏலாமல் வெளியில் 30,000 ரூபாய் மட்டில் கொடுத்து எடுத்தேன், சங்கிலி அடைவுக்குப் போனது அன்றைக்குத்தான். ஒரு விஷயம் எங்கள் சனத்துக்கு முக்கியம். எம்.ஆர்.ஐ. என்று எழுதினால் உடம்பில் செல் குண்டுத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேணும், அது காந்தத்தில் வேலை செய்கிற மெஷின். எனக்கு இடது தொடையில் 2009 யுத்தத்தில் பட்ட துண்டு அப்படியே கிடக்கிறது, நோவில்லாததால் மறந்தே போயிருந்தேன், அங்கே நின்ற பிள்ளை கேட்டதால் தப்பினேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய எக்ஸ்ரே இருந்தால் பையில் வைத்திருங்கள்.

கட்டியைச் சுரண்டி எடுக்கிற ஒப்பரேஷனுக்கு வெளியில் வெட்டுக் காயம் இல்லை, எல்லாம் சலப் பாதையாலேயே. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். முழிப்பாக இருந்தேன், பக்கத்தில் ஆரோ சிங்களத்தில் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. வெளியே கொண்டுவரும்போது பெரிய கதீற்றர், அதாவது சலம் போகிற குழாய், போட்டு, ஒரு பக்கத்தால் சேலைன் உள்ளே போக, மற்றப் பக்கத்தால் சிவப்பாக வெளியே வரும், உள்ளே இரத்தம் கட்டாமல் கழுவுவதற்கு. அன்றிரவு வெளியே வருவது நின்று, அடிவயிறு கல்லுப்போல இறுகி நொந்தது. ஒப்பரேஷன் செய்தால் நோகத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாதான் பையைப் பார்த்துவிட்டு நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டா. இரத்தக்கட்டி அடைத்திருந்தது. பெரிய ஊசியால் இழுத்து எடுத்ததும் நோவு பறந்துவிட்டது. கதீற்றர் போட்டிருக்கிற நேரம் பைக்கு வருகுதா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அடிவயிறு முட்டினால் இரவு எத்தனை மணி என்றாலும் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் பையோடு விட்டால், பை எப்பவும் சலப்பைக்குக் கீழே தொங்க வேணும், படுக்கும்போது கட்டிலில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஆரும் சொல்லாத இன்னொன்று, வீட்டுக்கு வந்து பத்துப் பதினாலு நாளில் திரும்ப இரத்தம் வரலாம். உள்ளே புண்ணில் பொருக்கு உதிர்கிற நேரம் அது. எனக்கு அப்படி வந்தபோது எல்லாம் திரும்பத் தொடங்கிவிட்டது என்று நினைத்து, மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன். நிறையத் தண்ணி குடித்தால் தெளிந்துவிடும். தெளியாமல் கட்டி கட்டியாகப் போனாலோ, சலமே போக ஏலாமல் நின்றாலோ ஆஸ்பத்திரி. அந்தக் கிழமைகளில் குடம் தூக்கக் கூடாது, கிணற்றில் இழுக்கக் கூடாது, மலச்சிக்கல் வந்து முக்கக் கூடாது. தனிய இருக்கிற பெண்ணுக்குக் குடம் தூக்காதே என்றால் எப்படி? முன்வீட்டுப் பெடியனுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் தண்ணி எடுப்பித்தேன். அதையும் ஒப்பரேஷன் செலவு என்றே கணக்கு வையுங்கள்.

சுரண்டி எடுத்த கட்டியைச் சோதித்த பயொப்சி றிப்போட் வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. வந்தது, தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் வேகமாகத் திரும்ப வரக்கூடிய வகை. அதற்குச் சலப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து விடுவது. பிள்ளை பிறந்ததும் இடக்கையில் போட்டுத் தழும்பு வருமே, கசத்துக்கு (காசநோய்க்கு) எதிராக, அதே பி.சி.ஜி.தான், உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது. சலப்பைக்குள் விட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அங்கே கூடி வந்து மிச்சமிருக்கிற புற்றைத் தாக்கும். கிழமைக்கு ஒருமுறை, ஆறு கிழமை, பிறகு இடைவெளி விட்டுத் திரும்பவும். தலைமயிர் கொட்டாது. அதனால் சனத்துக்கு வருத்தம் என்றே தெரியாது, அதில் நன்மையும் உண்டு, கரைச்சலும் உண்டு. சலத்தில் கிருமி இருந்தாலோ, கண்ணுக்குத் தெரிய இரத்தம் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கு மருந்து விடமாட்டார்கள். ஒருமுறை அவ்வளவு தூரம் போய் அப்படித் திரும்பி வந்தேன். இன்னொருமுறை மருந்தே வரவில்லை. அதற்குப் பிறகு புறப்படும் முதல்நாள் கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்காமல் பஸ் ஏறுவதில்லை, அன்றைக்குப் பிடித்த வாடகை வானுக்குக் கொடுத்த 15,000 ரூபாய் வீணாய்ப் போனது படிப்பித்த பாடம்.

மருந்து விட எடுக்கிறது கொஞ்ச நேரம்தான். மெல்லிய குழாயால் விட்டுவிட்டுக் குழாயைக் கழற்றிவிடுவார்கள். பிறகு மிஸ் சொன்னா, “இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருங்கோ, அம்மா.” எனக்கு அரை மணித்தியாலமே அடக்க ஏலாது. முதல்முறை முக்கால் மணித்தியாலத்தில் ஓடினேன், பயத்தில் அவவுக்குச் சொல்லவும் இல்லை. பிறகு ஒருநாள் சொன்னபோது அவ ஏசவில்லை, ஏலுமான அளவுக்கு வைத்திருங்கோ, அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம் என்றா. பிறகு நான் கண்டுபிடித்தவை இவை: வர முதல் சில மணித்தியாலம் தண்ணியைக் குறைப்பது, காலையில் தேத்தண்ணி குடிக்காமல் வருவது, மருந்து விடுமுதல் போய் முழுதும் வெறுமையாக்குவது. முட்டும்போது எழும்பி ஓடக் கூடாது. அசையாமல் இருந்து, சலத்தை இடையில் நிறுத்துவதற்கு இறுக்குவோமே, அந்தத் தசையைச் சுறுக்குச் சுறுக்காக இறுக்கி விட்டால் முட்டு ஏறி, பிறகு இறங்கும். இறங்கினபிறகு வேண்டுமென்றால் ஆறுதலாக எழும்பிப் போகலாம்.

அதற்குப் பிறகு ஆறு மணித்தியாலம் போகிற சலத்தில் உயிருள்ள மருந்து இருக்கும். குந்தி இருந்துதான் போக வேணும், தெறிக்கக் கூடாது. போனபிறகு பிளீச் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் விட்டு, பிறகு தண்ணி ஊற்ற வேணும். கையையும் கீழேயும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேணும். நல்லது, ஆனால் மருந்து விடுகிற கிளினிக் யாழ்ப்பாணத்தில், அங்கிருந்து ஊருக்கு வரவே இரண்டு மூன்று மணித்தியாலம். பஸ்ஸில் எங்கே போவது, எங்கே பிளீச் ஊற்றுவது? மருந்து எடுத்த அன்றிரவு பெரியம்மாவின் மகள் வீட்டில் தங்குவது என்று முடிவெடுத்தேன். பையில் பிளீச் போத்தலோடு போய் அவளுடைய கழுவி வைத்த மலசலகூடத்தில் அதை ஊற்ற வேணும் என்று எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். சொன்னேன். “அக்கா, இது பிள்ளையளுக்குத் தொத்துமோ?” என்று கேட்டாள். மனம் சுருக்கென்றது, ஆனால் நியாயமான கேள்வி. புற்றுநோய் தொத்தாது, மருந்துதான் ஆறு மணித்தியாலத்துக்குக் கவனம், அதுக்குத்தான் பிளீச் என்றேன். அடுத்த கிழமை நான் போனபோது மலசலகூடத்துக்குள் புதுப் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். புருஷனோடு இருக்கிறவர்கள் மருந்து எடுத்து ஒரு கிழமைக்கு ஆணுறை பாவிக்க வேணும், அதைக் கிளினிக்கில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை, ஆங்கிலத் தாளில் இருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள்.

மருந்து எடுத்த இரண்டு மூன்று நாளும் எரிவு, கடுப்பு, சொட்டுச் சொட்டாகப் போவது, இரவில் படுக்கவே ஏலாது. கிழமை கூடக் கூட அதுவும் கூடியது. எனக்கு உதவினது ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. எத்தனை மணிக்குப் போனேன், அளவுக் கோப்பையில் எவ்வளவு, நனைந்ததா, என்ன குடித்தேன் என்று எழுதினேன். முதலில் விசர் வேலையாகத் தெரிந்தது. ஆனால் “அடிக்கடி போகுது” என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு இருந்த டொக்டர், கொப்பியைக் கண்டதும் இரண்டு பக்கத்தையும் வாசித்தார், முட்டுவதைக் குறைக்கிற குளிசை ஒன்றும் தந்தார். அது வாயைக் காயவைக்கும், மலச்சிக்கல் வரும், கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள் முதலே சொல்ல வேணும். கொப்பியில் தெரிந்த இன்னொன்று, தேத்தண்ணி குடித்த பின்னேரங்கள்தான் மோசம். தேத்தண்ணியை விட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வைக்கிற ஊரில் அது லேசு இல்லை, “சுடுதண்ணி தாங்கோ” என்று கேட்கப் பழகினேன். முட்டுமே என்று பயந்து தண்ணியையே விடாதீர்கள், சலம் தடித்தால் எரிவு கூடும். பகலில் குடித்து, பொழுதுபட்டபிறகு குறைத்தால் இரவு கொஞ்சம் நித்திரை வரும்.

பெரியவர்களுக்கான பம்பஸ் பத்துக் கொண்ட பைக்கற் நான் வாங்கினபோது 2,000 ரூபாய்க்கு மேல், எங்கள் வெயிலில் அவித்துப் புண்ணாக்கியும் விடும். தையல்காரி அல்லவா, நானே தைத்தேன். மேலே பழைய பருத்திச் சாரத் துணி, நடுவில் துவாய்த் துணி இரண்டு மடிப்பு, கீழே குடைத்துணி. இரண்டு பக்கமும் காது வைத்து அழுத்து பொத்தான் போட்டால் உள்ளாடையில் நிற்கும். குடைத்துணிக்குக் குறுக்கே தையல் ஓடக் கூடாது, ஊசி போன ஓட்டையால் கசியும், ஓரத்தில் மட்டும் தைக்க வேணும். பூப்போட்ட கறுப்புப் பாவாடை இரண்டு தைத்தேன், நனைந்தால் தெரியாது. பயணத்துக்கும் மருந்து எடுத்த நாளுக்கும் மட்டும் கடைப் பம்பஸ், ஏனென்றால் அதைக் கட்டிப் போட்டுவிடலாம்.

பஸ்ஸில் என்றால் ஏறும்போதே கொண்டக்டருக்குச் சொல்லிவிடுவேன், “தம்பி, எனக்கு வருத்தம், நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்ட வேணும்.” ஒருத்தரும் மறுத்ததில்லை. ஆனால் ஆனையிறவு வெளியில் நிப்பாட்டி என்ன செய்ய, ஒரு பற்றை கூட இல்லை. ரயில் நேரம் ஒத்துவந்தால் கிளிநொச்சியில் ஏறிவிடுவேன். அதில் மலசலகூடம் இருக்கிறது என்ற எண்ணமே முட்டுவதைப் பாதியாக்கும்.

இனி மனம். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் மலசலகூடத்துக்கு வரிசையில் நின்ற ஆட்களுக்கு, அடக்கிக்கொண்டு நிற்பது என்றால் சலம் மட்டும் இல்லை என்று தெரியும். கிளினிக் மலசலகூட வரிசையில் ஒருநாள் நின்றபோது நெஞ்சு படபடத்து, வியர்த்து, இரும்புத் தகரக் கதவு அடிபடும் சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது. மருந்தின் பக்க விளைவு என்று நினைத்து மிஸ்ஸிடம் சொன்னேன். அவ உளநலப் பிரிவுக்கு அனுப்பினா. விசர் டொக்டரிடம் அனுப்புறியளோ என்று கோபம் வந்தது, போனேன். இருந்த பிள்ளைக்கு மகளின் வயதுதான் இருக்கும். மணித்தியாலக் கணக்காய் அழுதேன், கான்சரைப் பற்றிக் கொஞ்சம், மிச்சம் எல்லாம் பழைய கதை. தொடர்ந்து போனேன். போக ஏலாதவர்கள் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய உளநல உதவி இலக்கம்.

ஊரில் நான் கன நாள் கர்ப்பப்பைக் கோளாறு என்றே சொல்லிவந்தேன். மணக்குமோ என்ற பயத்தில் செத்த வீட்டுக்கும் போகவில்லை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகவில்லை. மச்சாள் ஒருத்தி உண்மை தெரிந்தபிறகு என் வீட்டில் தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டா. இருக்கட்டும். சட்டை தைக்க வருகிற ஒரு ரீச்சர் மட்டும், விஷயம் கேட்டுவிட்டு, வழமைபோல இருந்து அளவு கொடுத்துவிட்டு, தன்னுடைய மாமாவுக்கும் இதுதான், பன்னிரண்டு வருஷமாய் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த ஆளை நான் காணவே இல்லை, ஆனால் இரவில் முழிப்பு வரும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன்.

கடைசியாகக் காய்ச்சல். மருந்து எடுத்த அன்று இலேசான காய்ச்சல், உளைவு வந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும், பரசிற்றமோல் போதும். 38.5 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறி இறங்காமல் நின்றாலோ, நடுக்கம் வந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது, மருந்தில் இருக்கிற அந்தக் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம், அதற்குக் கசத்துக்குக் கொடுக்கிற மருந்துகள் தேவைப்படும். இங்கே வயல் காலத்தில் காய்ச்சல் என்று போனால் எலிக்காய்ச்சலா, டெங்கா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அவர்களில் பிழையில்லை. எனக்கு ஒருமுறை அப்படி வந்தபோது 1990க்கு எடுத்தேன், அம்புலன்ஸ் காசில்லாமல் வந்தது. வாசலிலேயே கிளினிக் கொப்பியை நீட்டி “சலப்பைக்குப் பி.சி.ஜி. எடுக்கிறன்” என்றேன், மூன்றுதரம் சொல்ல வேண்டியிருந்தது. இப்ப அதை மகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித் தந்திருக்கிறாள். பயொப்சி றிப்போட்டின் போட்டோக்கொப்பியும் அதற்குள் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவிக்கு விண்ணப்பிக்கவும் இதே கொப்பியும் கிராம சேவகரின் கடிதமும்தான் கேட்டார்கள்.

சங்கிலி இன்னும் மீளவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமரா, இதுவரை இரண்டிலும் கட்டி இல்லை. இரவில் இரண்டுதரம் எழும்புகிறேன், முந்தி எட்டு ஒன்பது. திகதி கிட்ட வரக் கிழமைக்கு முதலே வயிறு கலங்கத் தொடங்குகிறது, அது குறையவில்லை. அந்தக் கிழமை தைக்கக் கூடுதலாக ஓடர் எடுத்து வைப்பேன், கை ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை, சல கல்ச்சரும் அந்தக் கிழமைதான் கொடுக்க வேணும்.